ஒரே பஸ்ஸில் கிளையன்ட்டும் சர்வரும்: அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் கான்ஃபிக் மோதல்களைத் தீர்ப்பது எப்படி?

சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் எழுதிய ஜாவா அப்ளிகேஷன் இரண்டு வேலைகளைச் செய்தது. ஏஜென்ட்டுகள் அனுப்பும் புக்கிங்குகளை ஒரு சோப் சர்வீஸ் (எக்ஸ்எம்எல் செய்திகளில் பேசும் வெப் சர்வீஸ்) வழியாக வாங்கிக்கொள்ளும். வாங்கிய கையோடு வெளியே இன்னொரு சர்வீஸைக் கூப்பிட்டு அன்றைய கட்டணத்தைக் கேட்கும். ஒரு பக்கம் சர்வர், மறுபக்கம் கிளையன்ட்.

ஒரு வியாழக்கிழமை ஏஜென்ட்டுகள் பக்கத்துக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு சரிபார்ப்பைச் சேர்த்தேன். சோதித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மறுநாள் காலையில் கட்டணம் கேட்கும் அழைப்புகள் ஒன்றுவிடாமல் தோற்றுக்கொண்டிருந்தன. வந்த செய்தியில் செக்யூரிட்டி ஹெடர் இல்லை என்றது எரர். கட்டணச் சர்வீஸுக்கும் செக்யூரிட்டி ஹெடருக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் பக்கத்துக் கோடில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. சர்வீஸ் நடத்துபவர்களைக் கேட்டால், எங்கள் பக்கம் எதுவும் மாறவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. சரிபார்ப்பை நான் வைத்த இடம்தான் தப்பு. அது கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் பொதுவான இடம்.

அன்றிலிருந்து இந்த மாதிரிச் சிக்கல் வரும்போதெல்லாம் நான் போகும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். ஜாவாவும் சோப்பும் ஓரளவு தெரிந்தவர்களுக்கு இது. ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுத உதவும் சிஎக்ஸ்எஃப்பை ஸ்ப்ரிங் ஃப்ரேம்வொர்க்கோடு பயன்படுத்துபவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

பஸ், இன், அவுட்

சிஎக்ஸ்எஃப் இரண்டு பழைய திட்டங்களின் இணைப்பில் பிறந்தது. ஒன்று ஐயோனா நிறுவனத்தின் செல்டிக்ஸ், மற்றது எக்ஸ்ஃபயர். பெயரும் அவற்றின் எழுத்துகளைச் சேர்த்து உண்டானதுதான். செல்டிக்ஸ் ஓர் எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்ஸாக, அதாவது பல அப்ளிகேஷன்களை இணைக்கும் பொது வழியாக, எழுதப்பட்டது. பஸ் என்ற சொல் சிஎக்ஸ்எஃப்பிலும் தங்கிவிட்டது.

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அப்ளிகேஷன் முழுவதற்கும் ஒரே ஒரு பஸ் இருக்கும். எந்த டிரான்ஸ்போர்ட் என்ன வேலை செய்கிறது, எல்லாருக்கும் பொதுவான இன்டர்செப்டர்கள் எவை, எந்த ஃபீச்சர்கள் இயங்குகின்றன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நீங்கள் திறந்து வைக்கும் சர்வர் எண்ட்பாயின்ட்டும் (கோரிக்கைகள் வந்து சேரும் வாசல்) நீங்கள் உருவாக்கும் கிளையன்ட்டும் அதே பஸ்ஸைத்தான் பார்க்கின்றன.

இன்டர்செப்டர் என்பது செய்தி போகும் வழியில் இருக்கும் சோதனைச் சாவடி மாதிரி. இன், அவுட், இன்-ஃபால்ட், அவுட்-ஃபால்ட் என்று நான்கு வரிசைகள் உண்டு. ஃபால்ட் என்றால் சோப்பில் எரரைச் சொல்லும் செய்தி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சர்வருக்கு இன் என்றால் உள்ளே வரும் கோரிக்கை. கிளையன்ட்டுக்கு இன் என்றால் திரும்பி வரும் பதில். சொல் ஒன்றுதான், ஆள் மாறினால் பொருள் மாறுகிறது. நான் பஸ்ஸின் இன் வரிசையில் பாஸ்வேர்டு சரிபார்ப்பைப் போட்டேன். ஏஜென்ட்டின் கோரிக்கையைச் சோதித்த அதே சாவடி, கட்டணச் சர்வீஸ் அனுப்பிய பதிலையும் நிறுத்தி, உன் யூசர்நேம் எங்கே என்று கேட்டது. பதிலில் யூசர்நேம் எப்படி இருக்கும்?

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கிளையன்ட்-சர்வர் கான்ஃபிக் மோதல்களில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

படி 1: கம்பியில் என்ன போகிறது என்று பாருங்கள்

கான்ஃபிக் ஃபைலைத் திறந்து மாற்றிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் முதலில் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் உண்மையில் போய் வரும் செய்தியைப் பார்த்தாக வேண்டும்.

இதற்காக சிஎக்ஸ்எஃப்பில் லாகிங் ஃபீச்சர் தனி ஜாராக இருக்கிறது. அதை பஸ்ஸிலேயே போடுங்கள். இந்த ஒரு வேலைக்கு பஸ் பொதுவானதாக இருப்பது நல்லது, இரண்டு பக்கமும் ஒரே லாகில் வந்துவிடும். ஒவ்வொரு செய்திக்கும் அது ஒரு வகைப் பெயர் கொடுக்கும். ரெக்-இன் என்றால் நம் சர்வருக்கு வந்த கோரிக்கை. ரெஸ்ப்-அவுட் அதற்கு நாம் அனுப்பிய பதில். ரெக்-அவுட் நம் கிளையன்ட் வெளியே அனுப்பியது, ரெஸ்ப்-இன் அதற்குத் திரும்பி வந்த பதில். ஃபால்ட்டுக்குத் தனியாக இரண்டு பெயர்கள் உண்டு.

இப்போது தோற்றுப்போகும் அழைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ரெஸ்ப்-இன் வரியைத் தேடுங்கள். என் விஷயத்தில் அங்கே 200 என்ற ஸ்டேட்டஸோடு முழுமையான, சரியான கட்டணப் பதில் இருந்தது. ஆனால் என் கோடுக்குக் கிடைத்தது எக்ஸெப்ஷன். அப்படியென்றால் அந்த எக்ஸெப்ஷனை எறிந்தது எதிர்ப்பக்கம் கிடையாது, பதில் வந்து சேர்ந்தபிறகு நம் பக்கத்து இன்டர்செப்டர் ஒன்றுதான் எறிந்திருக்க வேண்டும். மாறாக, ரெஸ்ப்-இன்னிலோ உள்ளே வந்த ஃபால்ட்டுக்கான வரியிலோ 500 என்று வந்து உள்ளே ஃபால்ட் இருந்தால் மறுத்தது எதிர்ப்பக்கம். அப்போது ரெக்-அவுட்டில் நாம் என்ன அனுப்பினோம் என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு வரியுமே இல்லையென்றால் கோளாறு வழியில்: டைம்அவுட், டிஎல்எஸ், முகவரி இப்படி ஏதாவது. ஜாவாவின் ஸ்டாக் ட்ரேஸை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். சோப் ஃபால்ட் எக்ஸெப்ஷன் என்ற ஒரே பெயர் இரண்டு பக்கத்துக்கும் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். லாகிங் ஃபீச்சர் இயல்பாக 48 கிலோபைட்டோடு செய்தியை வெட்டிவிடும். பெரிய செய்தியின் வால் காணவில்லை என்றால் பதற வேண்டாம், வரம்பைக் கூட்டுங்கள். அப்புறம், பாஸ்வேர்டுகள் அப்படியே லாகில் விழும். வேலை முடிந்ததும் ஃபீச்சரை எடுத்துவிடுங்கள், அல்லது மறைக்க வேண்டிய எலிமென்ட்டுகளின் பெயரைக் கொடுத்து மறைத்துவிடுங்கள்.

படி 2: நடைமுறையில் இருக்கும் கான்ஃபிக்கை அச்சிடுங்கள்

ஃபைலில் எழுதியிருப்பதும் ஓடிக்கொண்டிருக்கும் கிளையன்ட் கையில் வைத்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரே செட்டிங் பல இடங்களிலிருந்து வரலாம்: சிஎக்ஸ்எஃப்பின் இயல்பு மதிப்பு, ஸ்ப்ரிங் எக்ஸ்எம்எல்லில் கான்டுயிட் (கிளையன்ட்டின் செய்தியை வெளியே கொண்டுபோகும் பகுதி) பெயருக்குக் கீழே எழுதியது, கிளையன்ட் டேக்கில் எழுதியது, கோடில் அமைத்தது, ஓர் அழைப்புக்கு மட்டும் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டில் போட்டது. டைம்அவுட் மாதிரி விஷயங்களில் அழைப்புக்கு நெருக்கமாக இருப்பதே வெல்லும். ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டில் போட்ட ரிசீவ் டைம்அவுட், எக்ஸ்எம்எல்லில் எழுதியதை மீறிவிடும்.

இன்டர்செப்டர்களுக்கு இந்த விதி கிடையாது. இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். பஸ்ஸில் போட்டது, கிளையன்ட்டில் போட்டது, எண்ட்பாயின்ட்டில் போட்டது, பைண்டிங்கில் போட்டது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். கிளையன்ட்டில் தனியாக ஓர் இன்டர்செப்டர் போட்டுவிட்டால் பஸ்ஸில் இருப்பது விலகிவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஓடும். செய்தியில் இரண்டு செக்யூரிட்டி ஹெடர்கள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பாலிசி ஆப்ஜெக்ட்டுகள் நேர் எதிர். கோடில் புதிதாக ஒரு ஹெச்டிடிபி கிளையன்ட் பாலிசி உருவாக்கி, டைம்அவுட்டை மட்டும் வைத்து, கான்டுயிட்டில் போட்டுவிட்டால் பழைய பாலிசி முழுவதும் போய்விடும். எக்ஸ்எம்எல்லில் இணையத்துக்குப் போகும் ப்ராக்ஸி சர்வரை எழுதியிருந்தீர்களா? அதுவும் போனது. டைம்அவுட்டை மாற்றியதும் இணையத்தையே எட்ட முடியவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் இந்த வரியைத்தான் தேடுவேன். புதிதாக உருவாக்காமல், கான்டுயிட்டில் ஏற்கெனவே இருக்கும் பாலிசியை எடுத்து அதில் டைம்அவுட்டை மட்டும் மாற்றுங்கள்.

ஆகவே, தற்காலிகமாக ஒரு சின்ன மெத்தட் எழுதிக்கொள்ளுங்கள். ப்ராக்ஸி ஆப்ஜெக்ட்டை (சர்வீஸைக் கூப்பிட நீங்கள் கோடில் வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) கொடுத்தால் கிளையன்ட் ப்ராக்ஸி என்ற கிளாஸ் உள்ளிருக்கும் கிளையன்ட்டை எடுத்துத் தரும். அதிலிருந்து நான்கு விஷயங்களை அச்சிட்டால் போதும்: எந்த பஸ்ஸின் ஐடி, பஸ், கிளையன்ட், எண்ட்பாயின்ட் ஆகியவற்றின் இன், அவுட் இன்டர்செப்டர்களின் பெயர்கள், கான்டுயிட்டின் பீன் பெயர், கான்டுயிட் கையில் இருக்கும் பாலிசியின் மதிப்புகள். பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவிடலாம். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

படி 3: பஸ்ஸைப் பிரியுங்கள்

ஒரே அப்ளிகேஷன் சர்வராகவும் கிளையன்ட்டாகவும் இருந்தால் இரண்டு பஸ் வைத்துக்கொள்வதே என் கட்சி. இன்றைக்கு மோதல் இல்லையென்றாலும் அப்படித்தான். பின்னால் யாராவது பஸ்ஸில் ஏதோ ஒன்றைச் சேர்ப்பார்கள், அன்றைக்கு அது நம் அப்ளிகேஷனின் மறுபக்கத்தைத் தொடக்கூடாது.

சிஎக்ஸ்எஃப்பின் அடிப்படை எக்ஸ்எம்எல்லை இம்போர்ட் செய்தால் முதல் பஸ் தானாக உருவாகும், அதன் பெயர் சிஎக்ஸ்எஃப் என்பதே. அதைச் சர்வருக்கு விட்டுவிடுங்கள். ஸ்ப்ரிங் பஸ் என்ற கிளாஸில் இன்னொரு பீன் எழுதி, வெளி அழைப்புகளுக்கான பஸ் என்று தெரிகிற மாதிரி ஒரு ஐடி கொடுங்கள். எக்ஸ்எம்எல்லில் கிளையன்ட் டேக்கில் பஸ் என்ற ஆட்ரிபியூட் இருக்கிறது, அதில் இந்த ஐடியை எழுதுங்கள். கோடில் உருவாக்கும் கிளையன்ட் என்றால், ப்ராக்ஸி ஃபேக்டரியில் கிரியேட் செய்வதற்கு முன்பே இந்த பஸ்ஸைக் கொடுத்துவிட வேண்டும். கிரியேட் ஆனபிறகு மாற்றிப் பயனில்லை.

ஸ்ப்ரிங் பூட் பயன்படுத்துபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது பஸ் பீன் வந்ததும், பஸ்ஸை வகையை மட்டும் சொல்லிக் கேட்கிற இடங்களில் எதைக் கொடுப்பது என்று ஸ்ப்ரிங்குக்குத் தெரியாது, ஸ்டார்ட் ஆகும்போதே எரர் வரலாம். குவாலிஃபையர் வைத்துப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அல்லது ஒன்றை ப்ரைமரி என்று குறித்துவிடுங்கள்.

பஸ்ஸைப் பிரித்தாயிற்று என்று நினைத்தபிறகும் சிலருக்கு ஒரு விசித்திரம் நடக்கும். இரவு ஓடும் ஷெட்யூல் வேலையிலிருந்து கூப்பிட்டால் கிளையன்ட் சரியாக வேலை செய்கிறது. ஏஜென்ட்டின் கோரிக்கைக்கு நடுவில் கூப்பிட்டால் தோற்கிறது. கோடு ஒன்றேதான். என்ன நடக்கிறதென்றால், சிஎக்ஸ்எஃப்பின் சர்வ்லெட் ஒரு கோரிக்கையைக் கையில் எடுத்ததும், அந்த த்ரெட்டின் டீஃபால்ட் பஸ்ஸாகத் தன் பஸ்ஸை வைத்துவிடும். கோரிக்கை முடிந்ததும் பழையதைத் திருப்பி வைக்கும். நடுவில் நீங்கள் பஸ்ஸைச் சொல்லாமல் ஒரு கிளையன்ட்டை உருவாக்கினால் அது சர்வர் பஸ்ஸில் போய் ஒட்டிக்கொள்ளும். ஷெட்யூல் வேலையின் த்ரெட்டில் சர்வ்லெட் கிடையாது, அங்கே பொதுவான டீஃபால்ட் பஸ் கிடைக்கும். படி 2-ல் பஸ் ஐடியை அச்சிடச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு சூழலிலும் அச்சிட்டுப் பாருங்கள், ஐடி வேறாக இருந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

உங்கள் கையில் இல்லாத லைப்ரரி ஒன்று உள்ளுக்குள் கிளையன்ட்டை உருவாக்குகிறது, பஸ்ஸைக் கொடுக்க இடமே இல்லை என்றால், அதைக் கூப்பிடுவதற்கு முன் பஸ் ஃபேக்டரியில் த்ரெட் டீஃபால்ட் பஸ்ஸை மாற்றிவைத்து, முடிந்ததும் ஃபைனலி பகுதியில் பழைய பஸ்ஸைக் கட்டாயம் திருப்பி வையுங்கள். த்ரெட் பூலில் அந்த த்ரெட் அடுத்து யாருடைய கோரிக்கையை எடுக்கும் என்று சொல்ல முடியாது. திருப்பி வைக்க மறந்தால் மோதல் இன்னொரு இடத்தில், இன்னொரு நேரத்தில் தலைகாட்டும், கண்டுபிடிக்கவே முடியாது.

ஒவ்வொரு அழைப்புக்கும் புது பஸ் உருவாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். பஸ் கனமான ஆப்ஜெக்ட். ஷட்டவுன் செய்யாமல் விட்டால் மெமரி ஏறிக்கொண்டே போகும்.

பிரிக்கவே வழியில்லாத பழைய அப்ளிகேஷன் என்றால்? நீங்களே எழுதிய இன்டர்செப்டராக இருந்தால், மெசேஜ் யூட்டில்ஸ் கிளாஸில் இஸ்-ரிக்வெஸ்டர் என்ற மெத்தட் இருக்கிறது. இந்தச் செய்தியில் நாம் கேட்பவரா, பதில் சொல்பவரா என்று அது சொல்லும். கேட்பவர் என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். அதையும்விட எளிய வழி, இன்டர்செப்டரை பஸ்ஸிலிருந்து எடுத்து, தேவைப்படும் எண்ட்பாயின்ட்டில் மட்டும் வைப்பது. அந்த வெள்ளிக்கிழமை நான் அவசரத்துக்குச் செய்தது அதுதான். எக்ஸ்எம்எல்லில் நான்கு வரிகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தினேன், கட்டணம் வர ஆரம்பித்தது.

படி 4: பாதுகாப்பைக் குறுக்காகப் பொருத்துங்கள்

பஸ் பிரிந்தாயிற்று. இனி மோதல், நம் கிளையன்ட்டுக்கும் எதிர்ப்பக்கத்துச் சர்வருக்கும் இடையில். இதில் அதிகம் அடிபடுவது, சோப் செய்திக்குள் பாதுகாப்பு விவரங்களை வைப்பதற்கான தரமான டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி.

ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். கிளையன்ட்டின் அவுட் என்ன செய்கிறதோ அதையே சர்வரின் இன் எதிர்பார்க்க வேண்டும். சர்வரின் அவுட் செய்வதைக் கிளையன்ட்டின் இன் எதிர்பார்க்க வேண்டும். சர்வர் யூசர்நேம் டோக்கனும் டைம்ஸ்டாம்பும் கேட்கிறது, பதிலில் எதுவும் வைப்பதில்லை என்றால், கிளையன்ட்டின் அவுட்டில் அந்த இரண்டும் இருக்க வேண்டும், இன் காலியாக இருக்க வேண்டும். ஆக்‌ஷன்ஸ் மிஸ்மேட்ச் என்று எரர் வந்தால் இந்தத் தாளில் ஒரு கட்டம் பொருந்தவில்லை என்று அர்த்தம். எந்தப் பக்கத்து லாகில் அந்த எரர் இருக்கிறதோ அந்தப் பக்கத்து இன் பட்டியலிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

பாஸ்வேர்டு வகை அடுத்த கண்ணி. நாம் எதுவும் சொல்லாவிட்டால், சிஎக்ஸ்எஃப் இந்த வேலைக்குப் பயன்படுத்தும் டபிள்யூஎஸ்எஸ்4ஜே லைப்ரரி டைஜஸ்ட் வகையில் அனுப்பும். அதாவது நான்ஸ் (ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக வரும் தற்செயல் மதிப்பு), உருவான நேரம், பாஸ்வேர்டு மூன்றையும் சேர்த்து ஷா-1 ஹேஷ் எடுத்து பேஸ்64-ல் எழுதும். இதைச் சரிபார்க்கச் சர்வரும் அதே கணக்கைப் போட வேண்டும், அதற்கு அசல் பாஸ்வேர்டு அதன் கையில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் பாஸ்வேர்டுகளைப் பிகிரிப்ட் மாதிரி ஹேஷாக மட்டும் சேமித்து வைத்திருந்தால் அந்தக் கணக்கைப் போடவே முடியாது. இங்கே எவ்வளவு கான்ஃபிக் மாற்றினாலும் டைஜஸ்ட் வேலை செய்யாது. பாஸ்வேர்டு டெக்ஸ்ட் வகைக்கு மாறி, டிஎல்எஸ்ஸுக்குள் அனுப்புவதுதான் வழி. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆதென்டிகேஷன் தோற்கிறது என்று இரண்டு டீமும் மாறி மாறி மெயில் போட்டுக்கொண்டிருக்கும் பல சந்தர்ப்பங்களில் காரணம் இந்த ஒன்றுதான். முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்: உங்களிடம் பாஸ்வேர்டு எந்த வடிவில் இருக்கிறது?

கடிகாரத்தையும் பாருங்கள். டைம்ஸ்டாம்பின் ஆயுள் இயல்பாக 300 வினாடி. எதிர்காலத்துக்கான சலுகை 60 வினாடி மட்டும். நம் மெஷின் கடிகாரம் சர்வரைவிட இரண்டு நிமிடம் முந்தி ஓடினால், நாம் அனுப்பும் செய்தி எதிர்காலத்தில் உருவானதாகத் தெரியும், சர்வர் மறுத்துவிடும். அதே இரண்டு நிமிடம் பிந்தி ஓடினால் ஒன்றும் ஆகாது. ஒரு மெஷினில் வேலை செய்கிறது, பக்கத்து மெஷினில் செய்யவில்லை என்றால் இரண்டிலும் நேரத்தைப் பாருங்கள். சலுகையைக் கூட்டுவதைவிட, கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் என்டிபி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

சோதிக்கும்போது ஒரு குழப்பம் வரும். லாகிலிருந்து ஒரு செய்தியை அப்படியே எடுத்து சோப்யூஐ என்ற சோதனைக் கருவியில் ஒட்டி அனுப்பினால் சர்வர் மறுக்கலாம். நான்ஸ் ஒருமுறைதான் செல்லும், சர்வர் அதை நினைவில் வைத்திருக்கிறது. கான்ஃபிக்கில் கோளாறு இருப்பதாக அர்த்தமில்லை.

கடைசியாக, டபிள்யூஎஸ்டிஎல்லில் (சர்வீஸை விவரிக்கும் எக்ஸ்எம்எல் ஃபைல்) செக்யூரிட்டி பாலிசி எழுதியிருந்தால் அதன்படி சிஎக்ஸ்எஃப்பே வேலை செய்யும். கூடவே டபிள்யூஎஸ்எஸ்4ஜே இன்டர்செப்டரையும் கையால் போடாதீர்கள். இரண்டில் ஒன்று போதும். பாலிசி வழியில் போகும்போது, இந்தப் பாலிசி ஆல்டர்நேட்டிவ்களை நிறைவேற்ற முடியவில்லை என்ற எரர் வரும், கீழே ஒரு பட்டியலும் வரும். அந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள், எது குறைகிறது என்று அதிலேயே இருக்கும். ப்ராஜெக்ட்டுக்குள் காப்பி செய்து வைத்த பழைய டபிள்யூஎஸ்டிஎல்லைக் கிளையன்ட் படித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வர் பாலிசியைப் போன மாதம் மாற்றியிருப்பார்கள், நம் காப்பி போன வருஷத்தது.

படி 5: கான்டுயிட்டும் ஹெச்டிடிபியும்

கிளையன்ட்டின் ஹெச்டிடிபி செட்டிங்குகள் கான்டுயிட் பெயரைப் பார்த்து ஒட்டிக்கொள்கின்றன. பெயரின் வடிவம் இது: கர்லி ப்ராக்கெட்டுக்குள் நேம்ஸ்பேஸ், அதையடுத்து போர்ட் பெயர், அப்புறம் ஒரு புள்ளி, கடைசியில் ஹெச்டிடிபி-கான்டுயிட். நேம்ஸ்பேஸ் என்பது டபிள்யூஎஸ்டிஎல்லின் டார்கெட் நேம்ஸ்பேஸ். ஸ்கீமாவின் நேம்ஸ்பேஸை எழுதினால் ஒட்டாது. சர்வீஸ் பெயரை எழுதினாலும் ஒட்டாது, போர்ட் பெயர்தான் வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலோ குறைந்தாலோ போதும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சிஎக்ஸ்எஃப் அந்தப் பகுதியை விட்டுவிட்டு இயல்பு மதிப்புகளோடு ஓடும். படி 2-ல் அச்சிட்ட பீன் பெயரை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள். கையால் டைப் செய்யாதீர்கள்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்க நேம்ஸ்பேஸுக்கும் போர்ட் பெயருக்கும் பதில் நட்சத்திரக் குறி போடுவது பலருக்கு வழக்கம். அப்போது எல்லாக் கிளையன்ட்டுக்கும் ஒரே செட்டிங். கட்டணச் சர்வீஸ் 5 வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும், பேங்க் சர்வீஸுக்கு 120 வினாடி பொறுக்க வேண்டும் என்று நிலைமை வரும்போது நட்சத்திரம் காலை வாரும். ஆரம்பத்திலேயே தனித்தனியாக எழுதுவது நல்லது.

டைம்அவுட்டில் இயல்பு மதிப்புகள்: கனெக்ட் ஆக 30 வினாடி, பதில் வர 60 வினாடி. நடுவில் எஞ்சின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி சர்வர் இருந்தால் அதன் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்டும் இயல்பாக 60 வினாடி. நம் கிளையன்ட்டில் 120 என்று கூட்டிவிட்டு, நடுவில் இருப்பதை மறந்துவிட்டால் 60-வது வினாடியில் 504 வரும். எதிர்ப்பக்கம் வேலை 90 வினாடி எடுக்கும், நாம் 60-ல் விட்டுவிடுகிறோம் என்றால் இன்னும் ஆபத்து. நாம் போனபிறகும் சர்வர் தன் வேலையை முடித்துவிடும். நாம் தோற்றது என்று நினைத்து மறுபடி அனுப்புவோம், ஒரே புக்கிங் இரண்டாகப் பதிவாகும். டைம்அவுட் வந்த அழைப்பைத் தானாக மறுபடி அனுப்பும் கோடு இருந்தால், அந்தச் சர்வீஸ் ஒரே கோரிக்கை இரண்டுமுறை வந்தால் தாங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகே அதை வைத்திருங்கள்.

சின்ன செய்தி போகிறது, பெரிய செய்தி போகவில்லை என்று யாராவது சொன்னால் என் சந்தேகம் சங்கிங் மீதுதான் போகும். 4 கிலோபைட்டுக்குள் இருக்கும் செய்தியை சிஎக்ஸ்எஃப் நீளத்தைச் சொல்லி ஒரே துண்டாக அனுப்பும். அதைத் தாண்டினால் துண்டு துண்டாக, மொத்த நீளத்தைச் சொல்லாமல் அனுப்பும். பழைய சர்வர்களுக்கும் நடுவிலிருக்கும் சில ப்ராக்ஸிகளுக்கும் இது பிடிக்காது, நீளம் வேண்டும் என்று 411 அனுப்பும். சோதனை டேட்டாவில் இரண்டு வரி இருந்ததால் எல்லாம் பாஸ் ஆகியிருக்கும், புரொடக்‌ஷனில் இருநூறு வரி புக்கிங் வந்ததும் தோற்கும். அந்தக் கான்டுயிட்டுக்கு மட்டும் அலவ்-சங்கிங்கை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

ரீடைரக்ட்டும் இயல்பாக அணைந்தே இருக்கும். எதிர்ப்பக்கம் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறி 301 அனுப்பினால் கிளையன்ட் அதைப் பின்தொடராது. ஆட்டோ-ரீடைரக்ட்டை இயக்குவதைவிட முகவரியைத் திருத்துவதே சரி.

படி 6: மீதமுள்ள சில பொருத்தங்கள்

சோப் பதிப்பு. 1.1 என்றால் கன்டென்ட் டைப் டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், 1.2 என்றால் அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல். மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூசிஎஃப் சர்வரில் 415 வந்தால் பெரும்பாலும் இதுதான். 1.1 மட்டும் தெரிந்த எண்ட்பாயின்ட்டுக்கு 1.2 செய்தி அனுப்பினால் சிஎக்ஸ்எஃப் சர்வர் அதை எரரிலேயே தெளிவாகச் சொல்லிவிடும்.

முகவரி. லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் நம் சர்வர், டபிள்யூஎஸ்டிஎல்லில் உள் நெட்வொர்க்கின் ஹோஸ்ட் பெயரை எழுதிக் கொடுக்கும். அதை நம்பி வரும் கிளையன்ட் எட்ட முடியாமல் நிற்கும். பப்ளிஷ்ட்-எண்ட்பாயின்ட்-யூஆர்எல் செட்டிங்கில் வெளி முகவரியை எழுதுங்கள்.

ஜார்கள். சிஎக்ஸ்எஃப் 4.0, ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பழைய பேக்கேஜ் பெயர்களிலிருந்து ஜகார்த்தா பெயர்களுக்கு மாறிவிட்டது, ஜாவா 17-ம் வேண்டும். பழைய பதிப்பில் ஜெனரேட் செய்த கிளையன்ட் கிளாஸ்கள் ஜாவாஎக்ஸ் பெயர்களோடு அதே அப்ளிகேஷனுக்குள் இருந்தால் கிளாஸ் கிடைக்கவில்லை என்றோ அனோட்டேஷன் தெரியவில்லை என்றோ தடுமாறும். கான்ஃபிக்கில் இதற்கு வைத்தியம் இல்லை. டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்து கிளாஸ்களைப் புதிதாக ஜெனரேட் செய்யுங்கள்.

படி 7: இரண்டு வாசலிலிருந்தும் சோதியுங்கள்

எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும்போது ஐந்து சோதனைகளை ஓட்டுங்கள். யூனிட் டெஸ்ட் மட்டும் போதாது, அங்கே சர்வ்லெட் கிடையாது.

முதலில் வெளியிலிருந்து ஒரு கோரிக்கையை நம் சர்வருக்கு அனுப்பி, அதன் நடுவில் கிளையன்ட் வெளியே கூப்பிடும்படி செய்யுங்கள். அடுத்து அதே கிளையன்ட்டை ஷெட்யூல் வேலையிலிருந்து கூப்பிடுங்கள். இரண்டிலும் லாகில் பஸ் ஐடி வெளி பஸ்ஸின் ஐடியாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, தப்பான பாஸ்வேர்டோடு சர்வரைக் கூப்பிட்டுப் பாருங்கள். சரிபார்ப்பை பஸ்ஸிலிருந்து நகர்த்தியபோது அது ஓர் எண்ட்பாயின்ட்டிலிருந்து விட்டுப்போயிருக்கக்கூடும். எனக்கு அப்படி ஒன்று விட்டுப்போயிருந்தது. ஏஜென்ட்டுகளுக்கு மூன்று எண்ட்பாயின்ட்டுகள் இருந்தன, நான் இரண்டில்தான் வைத்திருந்தேன். புக்கிங்கை ரத்து செய்யும் எண்ட்பாயின்ட் அன்று மதியம்வரை பாஸ்வேர்டு கேட்காமல் திறந்து கிடந்தது. இந்தச் சோதனையை ஓட்டியதால்தான் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு எண்ட்பாயின்ட்டையும் தனித்தனியாகத் தப்பான பாஸ்வேர்டோடு தட்டிப் பாருங்கள்.

நான்காவதாக 4 கிலோபைட்டைத் தாண்டும் ஒரு செய்தியை அனுப்புங்கள். ஐந்தாவதாக, எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே தாமதமாகப் பதில் சொல்லும் ஒரு போலிச் சர்வரை வைத்து, எத்தனையாவது வினாடியில் அழைப்பு முறிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அது நீங்கள் கான்டுயிட்டில் எழுதிய எண்ணாக இருக்க வேண்டும். 60 என்று வந்தால், பெயர் இன்னும் ஒட்டவில்லை என்று அர்த்தம். படி 5-க்குத் திரும்பிப் போய் பீன் பெயரை மறுபடி ஒட்டுங்கள்.